நிகாஹ் தஃப்தரில் காணும் வரலாறு



ஆண்டறிக்கை மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நிர்வாகிகள் வழக்கம்போல் கேட்டுக்கொண்டனர். சென்ற ஆண்டுகளில் ஜகாத்தின் சட்டங்களைப் பற்றியும் வக்ஃபு சொத்துகளைப் பற்றியும் எழுதினேன். இம்முறை, நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் வரலாற்றுச் செய்தி ஒன்றை எழுத விரும்புகிறேன். மனிதர்கள் கூடி வாழும் முறையை நேரில் கண்டு எழுதியவர்கள் நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்தார்கள், அவ்வெழுத்து இன்று நம் வீட்டு வாசலில் எவ்வாறு வந்து நிற்கிறது என்பதே அது.

இதற்குக் காரணமாக அமைந்த நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு இமாமாகப் பணியாற்றிய தென்மாவட்டத்து ஊர் ஒன்றிற்கு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவர் வந்தார். முஸ்லிம் அல்லாதவர். அடக்கமான பிள்ளை. ஊரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கி, கடைத்தெருவிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் எல்லோருடனும் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நிகாஹ் தஃப்தரைப் பார்க்க அனுமதி கேட்டார். முதவல்லிக்கு இதில் விருப்பமில்லை. "எதற்கு ஹஜ்ரத் வம்பு? நாளைக்குப் பத்திரிகையில் போட்டுவிடுவார்கள்" என்றார். பிறகு, நான் உடனிருக்க வேண்டும், பெயர்களைக் குறித்துக்கொள்ளக் கூடாது என்னும் நிபந்தனைகளுடன் சம்மதித்தார்.

மூன்று நாட்கள் அந்த மாணவர் நாற்பது ஆண்டுத் தஃப்தர்களைப் புரட்டினார். மூன்றாம் நாள் அஸருக்குப் பின் என்னிடம், "ஹஜ்ரத், தொழுகையில் முதலாளியும் மூட்டை தூக்குபவரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன். இந்தப் புத்தகத்தில் மட்டும் ஏன் தெருக்கள் ஒன்றோடொன்று சேரவே இல்லை?" என்று கேட்டார். மணமகன் பெயர், தந்தை பெயர், தெரு. மணமகள் பெயர், தந்தை பெயர், தெரு. அந்தத் தஃப்தரில் பல பக்கங்கள் என் கையாலேயே எழுதப்பட்டவை. ஆயினும் அப்படி ஒரு செய்தி அதற்குள் இருப்பதை நான் கவனித்ததே இல்லை. மார்க்கத்தில் அத்தகைய தடை ஏதும் கிடையாது என்று பதில் சொன்னேன். அந்தப் பிள்ளை மரியாதையாகத் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டார். மார்க்கத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை என்பது இரவில் படுத்த பின்புதான் எனக்கு உறைத்தது.

இவ்வகை ஆய்வுக்குத் தமிழில் இனவரைவியல் என்று பெயர். ஒரு மக்கள் கூட்டத்தினரிடையே மாதக்கணக்கில் தங்கி, அவர்கள் மொழியைப் பேசி, அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதையும் உண்மையில் செய்வதையும் தனித்தனியே குறித்து எழுதுவது இதன் முறை. பசிபிக் பெருங்கடலின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்ந்த மாலினோவ்ஸ்கி 1922இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகே இம்முறை ஒரு கல்வித்துறையாக வேரூன்றியது என்று கல்லூரிகளில் கற்பிக்கின்றனர். ஆனால் அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் ஒருவர் இப்பணியைச் செய்து முடித்திருந்தார்.

கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அபூரைஹான் அல்பீரூனி (ரஹ்) அவர்களையே குறிப்பிடுகிறேன். 1017இல் கஸ்னிக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர்கள், அதன் பின்னர் இந்திய மக்களின் கல்வியையும் வாழ்க்கையையும் அறிந்துகொள்வதில் ஈடுபட்டார்கள். அதற்காக வடமொழியைக் கற்றார்கள். பதஞ்சலியின் நூலை அரபியில் ஆக்கினார்கள். பண்டிதர்களுடன் அமர்ந்து உரையாடினார்கள். அதன் பயனாக 1030ஆம் ஆண்டளவில் உருவானதே 'கிதாபுல் ஹிந்த்' என்று நாம் அழைக்கும் பெருநூல். பிற சமயத்தாரைப் பற்றி நம்மவர் எழுதிய நூல்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டதை வைத்து எழுதப்பட்டவையாகவும், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டவையாகவும் இருப்பதைத் அபூ ஸஹ்ல் அத்திஃப்லீஸீ அவர்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது உணர்ந்ததாகவும், அதனாலேயே இந்நூலை எழுதத் துணிந்ததாகவும் முன்னுரையில் தெரிவிக்கிறார்கள். இது மறுப்பு நூல் அன்று. அம்மக்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்து வைப்பதே தம் வேலை என்றும் தெளிவாக்குகிறார்கள்.

அந்நூலில் நால்வகை வருணத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் உள்ளது. செருப்புத் தைப்போர், மீனவர், நெசவாளர் உள்ளிட்ட எட்டுத் தொழிலாளர் குழுக்கள் ஊர்களுக்கு அருகே, ஆனால் ஊர்களுக்கு வெளியே வாழ நேர்ந்ததையும், அவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்டவர்களையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். பண்டைய பாரசீகத்திலும் இத்தகைய பிரிவுகள் இருந்தன என்று நினைவூட்டி, இது இந்தியருக்கே உரிய குறை என்னும் எண்ணத்தையும் தடுத்துவிடுகிறார்கள். பின்னர், முஸ்லிம்களாகிய நாம் இறையச்சத்தால் அன்றி வேறு எதனாலும் மனிதர்களைப் பிரிப்பதில்லை, இந்த வேறுபாடே இரு சாராருக்கும் இடையே நிற்கும் பெரிய தடை என்ற கருத்தை எழுதுகிறார்கள்.

ஓதும் காலத்தில் இவ்விடத்தை வாசித்தபோது பெருமையாக இருந்தது. தஃப்தர் நிகழ்ச்சிக்குப் பின் மீண்டும் வாசித்தபோது வேறு ஒன்று தோன்றியது. பிறருடைய சமூகத்தைப் பற்றி எழுதும்போது அவர்கள் நூலையும் பார்த்தார்கள், நடப்பையும் பார்த்தார்கள். நம்மைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்திற்கு மட்டும் கொள்கையே போதுமானதாக இருந்துவிட்டது. அத்தகைய பேரறிஞருக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்?

நேரில் சென்று பார்த்தவர்களில் இப்னு பதூதா (ரஹ்) அவர்களையும் சொல்ல வேண்டும். கொங்கணக் கடற்கரையிலுள்ள ஹொன்னாவரில் பெண்கள் குர்ஆனை மனனம் செய்திருந்ததையும், அவ்வூரில் பெண் பிள்ளைகளுக்கு 13 பள்ளிகளும் ஆண் பிள்ளைகளுக்கு 23 பள்ளிகளும் இருந்ததையும் எண்ணி எழுதிவைத்தவர்கள் அவர்களே. பதினான்காம் நூற்றாண்டின் நிலை இது! பிறகு மாலத்தீவில் காழியாக நியமிக்கப்பட்டபோது, அங்குள்ள பெண்கள் மேலாடை அணியும் வழக்கமில்லாதிருப்பதைக் கண்டு, அதை மாற்ற ஆணையிட்டார்கள். தம் முன்னிலையில் வழக்குக்கு வருவோர் அளவில்தான் அது நடந்தது. அதற்கு மேல் தம்மால் இயலவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டுள்ளார்கள். காழியின் ஆணையும் ஊரின் வழக்கமும் சந்திக்கும்போது எது எளிதில் வெல்லும் என்பது இமாமாகப் பணி செய்த எவருக்கும் தெரிந்த செய்திதான்.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த மற்றொருவர் இப்னு கல்தூன் (ரஹ்). 1377இல் எழுதப்பட்ட 'முகத்திமா'வில் குலவழி பற்றி அவர்கள் வெளியிட்ட கருத்து இன்று வாசித்தாலும் வியப்பூட்டும். நஸப் என்பது மனத்தில் கொள்ளப்படும் ஒன்றே தவிர அதற்குத் தனியே மெய்ம்மை கிடையாது. மக்களை ஒருவருக்கொருவர் துணை நிற்கச் செய்யும் பிணைப்பே அதன் பயன் என்பது அவர்கள் முடிவு. இதே காலத்தில் தில்லியில் ஸியாவுத்தீன் பரனீ என்னும் வரலாற்றாசிரியர் 'ஃபதாவா ஜஹான்தாரீ' என்ற நூலில், தாழ்ந்த குடியில் பிறந்த முஸ்லிம்களுக்குத் தொழுகை, நோன்பு போன்ற அடிப்படைகளைத் தவிர வேறு கல்வி தரக்கூடாது, தந்தால் ஆட்சிக்குக் கேடு என்று அரசருக்கு அறிவுரை கூறிக்கொண்டிருந்தார். இரண்டும் நம் நூலகத்து ஏடுகளே. முன்னதை மேடையில் சொல்கிறோம், பின்னதைச் சொல்வதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை மாறியது. அல்பீரூனி அவர்கள் அறிந்துகொள்வதற்காக எழுதினார்கள். இவர்கள் ஆள்வதற்காக எழுதினர். 1871-72இல் நாட்டின் முதல் மக்கள் கணக்கெடுப்பு நடந்தது. 1901 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, சாதிகளைச் சமூக மதிப்பின்படி மேல் கீழாக வரிசைப்படுத்த ஆணையிட்டார். மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் கருவி கொண்டு அளந்தால் ஒருவரது சாதியின் உயர்வு தாழ்வு தெரிந்துவிடும் என்று நம்பியவர் அவர். சென்னையிலும் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன் இத்தகைய அளவுகோல்களுடன் ஊர் ஊராகச் சென்றார். ரங்காச்சாரி என்பவரின் துணையுடன் 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் லெப்பை, மரைக்காயர், மாப்பிள்ளை, தூதேகுலா ஆகிய பெயர்களின்கீழ் நம்மவர்களும் இடம்பெற்றுள்ளனர். மூக்களவுக் கொள்கை பொய்யென்று பின்னர் தள்ளப்பட்டுவிட்டது. அந்தத் தலைப்புகள் மட்டும் தங்கிவிட்டன.

1901இல் வங்காளத்துக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதிய கெய்ட் என்னும் அதிகாரி, அம்மாகாண முஸ்லிம்களை அஷ்ராஃப், அஜ்லாஃப், அர்ஸால் என மூவகையாகக் காட்டினார். இச்சொற்கள் மூன்றும் அரபிச் சொற்களே: மேன்மக்கள், எளியோர், கடையோர். கடைசி வகுப்பாருடன் பிற முஸ்லிம்கள் பழகுவதில்லை என்றும், அவர்களுக்குப் பள்ளிவாசலும் பொது மையவாடியும் மறுக்கப்பட்டன என்றும் அவ்வறிக்கை கூறியது. அம்பேத்கர் பாகிஸ்தான் பற்றித் தாம் எழுதிய நூலில் இப்பகுதியை எடுத்துக்காட்டியதால் நாடெங்கும் அது அறியப்பட்டது. ஆங்கிலேயர் நம்மைப் பிரிப்பதற்காகவே இவ்வாறு எழுதினர் என்று சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஓடிக்கொண்டிருந்த நீரைக் குப்பிகளில் அடைத்துப் பெயர் ஒட்டியவர்கள் அவர்களே. ஆனால் மையவாடியின் கதவை அடைத்தது ஆங்கிலேயர் அல்லர்.

ஏட்டில் எழுதப்பட்டால் அது நிலைத்துவிடும் என்பதை மக்களும் விரைவில் புரிந்துகொண்டனர். வடநாட்டில் ஜுலாஹா என இகழப்பட்ட நெசவாளர்கள் தங்களை அன்சாரி, மூமின் என்று பதிவு செய்யக் கோரினர். இறைச்சித் தொழில் செய்வோர் குறைஷி என்றும், நாவிதர்கள் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் பெயரால் ஸல்மானி என்றும் அழைத்துக்கொண்டனர். இதைச் சிலர் எள்ளுவர். எனக்கு அதில் எள்ளுவதற்கு ஏதும் தெரியவில்லை. மனிதன் தன் பிள்ளைக்குக் கண்ணியமான ஒரு பெயரைத் தேடுகிறான்.

நம் பக்கத்திற்கு வருவோம். சென்னை மாகாணத்துக் கணக்கெடுப்புகளில் தமிழ் பேசும் முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் லெப்பை என்னும் ஒரே தலைப்பில் சேர்க்கப்பட்டனர். நம்மூர்களில் லெப்பை என்றால் ஓதிக்கொடுப்பவர், பாத்திஹா ஓதுபவர். அதாவது என்னைப் போன்றவர். வீட்டில் ராவுத்தர் என்றோ மரைக்காயர் என்றோ சொல்லிக்கொள்ளும் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேரும்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறும் சான்றிதழில் லெப்பை என்றிருப்பதை நீங்கள் அறிவீர்கள். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும், ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை என்றே அது காணப்படுகிறது. 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வழங்கப்பட்டபோதும், அன்சார், தக்னி, தூதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது ஆகிய ஏழு பெயர்களே பட்டியலாக அமைந்தன. நூறாண்டுக்கு முந்தைய கணக்கெடுப்புத் தாளிலிருந்து நம் பேரப்பிள்ளைகளின் மருத்துவக் கல்லூரி இடம் வரை ஒரு கோடு நீண்டு வந்திருக்கிறது. அக்கோட்டினால் நமக்கு நன்மையும் விளைந்தது என்பதை மறுக்க முடியாது.

விடுதலைக்குப் பின்னர் வந்த ஆய்வாளர்கள் வேறு வகையினர். அவர்கள் மூக்கை அளக்கவில்லை. தெருவில் குடியிருந்து பார்த்தனர். கவுஸ் அன்சாரி 1960இல் உத்தரப் பிரதேச முஸ்லிம்களிடையே உள்ள சாதிமுறையைப் பற்றி நூல் எழுதினார். மலபாரில் விக்டர் டிசூசா மாப்பிள்ளைமார்களை ஆய்ந்து, தங்ஙள் முதல் மீனவர்களான புசலர், நாவிதர்களான ஒஸான் வரை அவர்கள் தமக்குள் பிரிந்து நிற்பதை 1959இல் வெளியிட்டார். 1973இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர் இம்தியாஸ் அஹ்மத் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஒரு நூலாக்கினார். 2023இல் மறைந்த அவர், இஸ்லாத்தின் கொள்கையைச் சொல்லி நடப்பை மறைக்கக்கூடாது என்பதையே வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர். கொள்கைக்கு மாசு கற்பிக்கிறார் என்று மார்க்க அறிஞர்கள் பலர் அவரைக் கண்டித்தனர். நானும் ஒரு காலத்தில் அக்கண்டனத்தோடு உடன்பட்டிருந்தேன்.

அத்தொகுப்பில் தமிழ் முஸ்லிம்களைப் பற்றிய கட்டுரை ஒன்றும் உண்டு. மாட்டிசன் மைன்ஸ் என்னும் அமெரிக்கர் 1960களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் தங்கி, நம் வணிகர்களோடு பழகி எழுதியது. முஸ்லிம் வணிகர்களைப் பற்றி 1972இல் தனி நூலும் வெளியிட்டார். அவர் கண்டவை நமக்கு ஆறுதல் தருபவை. ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், காயலார் என்னும் நான்கு பிரிவினரும் பெரும்பாலும் தத்தமக்குள்ளேயே மணம் முடித்தனர்; ஆனால் எவரும் எவருக்கும் மேல் என்றோ கீழ் என்றோ கருதப்படவில்லை. ஒருவருக்கு மதிப்பு அவரது வயதாலும் செல்வத்தாலும் பேணுதலாலும் வந்தது. வடநாட்டு முஸ்லிம்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வு இங்கு இல்லாததற்கு, கிராமத்துப் பண்ணையமுறையில் ஒருவரை ஒருவர் ஏவிப் பிழைக்காமல் வணிகத்தால் வாழ்ந்த சமூகமாக இருந்ததையே காரணமாகக் காட்டினார். சொந்த ஊரில் உறவுமுறையால் அறியப்பட்டவர்கள், நகருக்கு வந்தபின் முஸ்லிம் என்னும் அடையாளத்தை முன்னிலும் இறுகப் பற்றிக்கொண்டதையும் அவர் கவனித்தார். வளைகுடாவிலும் மலேசியாவிலும் உள்ள நம் மஹல்லாவாசிகள் இதைத் தம் அனுபவத்திலேயே அறிவார்கள்.

பல்லாவரத்துக் கடைக்காரர்களைக் கண்டு எழுதியது அது. கடைக்காரர் அல்லாதவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள அக்கரைப்பற்றில் 1969 முதல் பல முறை தங்கி ஆய்ந்த டென்னிஸ் மெக்கில்வ்ரே என்பவரின் எழுத்து இதற்கு ஒருவாறு விடை தருகிறது. அவ்வூர் முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழியாக வரும் குடி முறையைப் பொதுவாகக் கொண்டவர்கள். வீடு பெண்ணுக்குச் சீதனமாகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுகிறார். நம் காயல்பட்டினத்தாருக்கு இது புதுச் செய்தி அன்று. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒருவராக மரைக்கார்கள் அமர்ந்தனர். இத்தனை ஒழுங்கான அந்தச் சமூகத்திலும், பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்யும் ஒஸ்தா என்னும் நாவிதக் குடும்பங்கள் மட்டும் தாழ்வாகக் கருதப்பட்டு, தமக்குள்ளேயே மணம் முடித்துவந்தனர். மலபாரில் ஒஸான், குமரி மாவட்டத்தில் ஒஸா, அக்கரைப்பற்றில் ஒஸ்தா. உஸ்தாத் என்பதன் திரிபே ஒஸ்தா என்று சொல்லப்படுவதுண்டு. உண்மையானால், ஆசானைக் குறித்த ஒரு சொல் கடல் கடந்தும் கீழிறங்கிய கதை அது.

மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனமும் இறுதி ஹஜ்ஜின் பேருரையும் உங்களுக்கு மனப்பாடம். அவற்றை இங்கே மீண்டும் எழுதவில்லை. ஆனால் ஓதியவன் என்ற முறையில் மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிகாஹ்வில் குஃபு, அதாவது பொருத்தம் என்னும் பாடம் ஃபிக்ஹு நூல்களில் உண்டு. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில் தொழில்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன: கூட்டுபவர், இரத்தம் குத்தி எடுப்பவர், காவல்காரர், மேய்ப்பர் ஆகியோர் தையற்காரர் மகளுக்குப் பொருத்தமாக மாட்டார்கள், தையற்காரர் வணிகர் மகளுக்கு ஆகமாட்டார், வணிகர் ஆலிமின் மகளுக்கு ஆகமாட்டார். ஹனஃபி நூல்களிலும் இதுபோன்ற விவாதம் உள்ளது. மதரஸாவில் இவ்விடத்தை நாங்கள் ஓதினோம், பரீட்சையும் எழுதினோம். ஆலிம்கள் உச்சியில் வைக்கப்பட்டிருப்பது கண்டு எங்களில் யாரும் வருந்தியதாக நினைவில்லை.

அப்பாடம் ஒரு பெண்ணுக்கு அவள் பழகிய வாழ்க்கைநிலை குறைந்துவிடக் கூடாது என்னும் பாதுகாப்பாக, அவளும் வலியும் விட்டுக்கொடுக்கக்கூடிய உரிமையாகச் சொல்லப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைப்பதற்குச் சொல்லப்பட்டதன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ மார்க்கப் பேணுதல் ஒன்றையே பொருத்தத்தில் முதன்மையாகக் கண்டார்கள். ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ (ரஹ்) அவர்களும், ஹனஃபிகளில் இமாம் கர்கீ (ரஹ்) அவர்களும் இதை நிபந்தனையாகவே ஏற்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. அபூஹிந்த் (ரலி) அவர்கள் இரத்தம் குத்தி எடுக்கும் தொழில் செய்தவர்கள். அண்ணலாருக்கும் (ஸல்) அவ்வாறு செய்தார்கள். அப்போது பனூ பயாளா குலத்தாரை நோக்கி, அவருக்குப் பெண் கொடுங்கள், அவரிடம் பெண் எடுங்கள் என்னும் கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்கள் ஆணையிட்டார்கள். இந்த ஹதீஸையும் நாங்கள் ஓதினோம். தலைமுடி களையும் ஒருவரின் வீட்டை நினைத்து அதை ஓதவில்லை.

மாணவர் வந்துபோன அந்த ஊரில், அடுத்த ஆண்டு ஒஸா வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். என் தந்தையின் வயதிருக்கும். அறைக்குள் வந்து உட்காரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார். "ஹஜ்ரத், எங்க பேரையும் தலைக்கட்டுல எழுதச் சொல்லுங்க. வரி நாங்க கட்டிக்கிறோம்" என்றார். விசாரித்தேன். ஊருக்குச் சேவை செய்யும் குடும்பம் என்பதால் அவர்களுக்குத் தலைக்கட்டு வரி வேண்டாமென்று பாட்டனார் காலத்திலேயே விலக்கு அளித்திருந்தார்கள். கருணையாகவே செய்திருப்பார்கள். ஆனால் தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு மகாசபையில் வாக்கு இல்லை. நிர்வாகத்தில் இடம் இல்லை. கந்தூரி நேர்ச்சையில் பங்கு, பட்டியலில் உள்ளோருக்கெல்லாம் கொடுத்து முடிந்த பிறகுதான். சவூதியில் ஓட்டுநராக இருந்த அவருடைய மகன், ஊர் முதலாளிகள் சிலரைவிடக் கூடுதலாகவே பள்ளிவாசல் கட்டட நிதிக்கு அனுப்பியிருந்தார். அதற்கான ரசீதும் இருந்தது. பட்டியலில் பெயர்தான் இல்லை.

அந்தப் பெரியவரின் கோரிக்கை இரண்டு மகாசபைகளில் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளப்பட்டது. எதிர்த்துப் பேசியவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். தஹஜ்ஜுதை விடாதவர்களும் அவர்களில் இருந்தனர். வழக்கத்தை மாற்றினால் சுன்னத் செய்ய யார் வருவார் என்று ஒருவர் கேட்டார். மருத்துவமனை எங்கும் வந்துவிட்ட காலத்தில்! மூன்றாவது மகாசபையில் அந்த ஊரின் இளைஞர்கள் எழுந்து கேட்டனர், தீர்மானம் நிறைவேறியது. பெரியவருக்கு முதல் ரசீதை என் கையால் எழுதிக் கொடுத்தேன். அதை அவர் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாதவாறு காலமும் வந்து நிற்கிறது. 1931க்குப் பிறகு அனைத்துச் சாதிகளையும் முழுமையாகக் கணக்கிட்டு வெளியிட்ட மக்கள் கணக்கெடுப்பு இந்நாட்டில் நடக்கவில்லை. 2006 நவம்பரில் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை நம் சமூகத்தின் உட்பிரிவுகளையும் அவற்றுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வையும் வெளிப்படையாகப் பேசியது. 1950ஆம் ஆண்டு ஆணையின்படி முஸ்லிம்களில் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை என்பதால் பீகார், உத்தரப் பிரதேசத்தின் அடித்தட்டு முஸ்லிம்கள் படும் இன்னலும் அதன் பின் அதிகம் பேசப்பட்டது. 2027 கணக்கெடுப்பில் சாதியும் பதிவு செய்யப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. நம் வாசலிலும் இக்கேள்வி கேட்கப்படும். முஸ்லிம் என்று மட்டும் சொன்னால் போதுமா, சான்றிதழில் உள்ள பெயரைச் சொல்ல வேண்டுமா என்று இப்போதே சிலர் என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டனர். பிள்ளைகளின் கல்வி உரிமை அந்தப் பெயரோடு கட்டப்பட்டிருப்பதால் சான்றிதழில் உள்ளவாறே சொல்வது நலம் என்பது என் எண்ணம். அவ்வாறு சொல்லும்போது அது அரசின் ஏட்டுக்குரிய பெயர் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் போதும். அந்தப் பெயரை நம் தஃப்தருக்குள் யார் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் நம் கையில் உள்ளது.

சென்ற ஆண்டு ஒரு மையித்துக்காக அந்தப் பழைய ஊருக்குச் சென்றிருந்தேன். புதிய இமாம் என் மாணவர். தலைக்கட்டுப் பட்டியலில் ஒஸா வீட்டாரின் பெயர்கள் அகர வரிசையில் மற்றவர்களோடு கலந்தே இருந்தன. நிகாஹ் தஃப்தரையும் கேட்டு வாங்கி, நான் விட்டுவந்த பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். தெருக்கள் பழையபடியேதான் இருந்தன.

நம் பள்ளிவாசலின் நிகாஹ் தஃப்தர்கள் அலுவலக அறையின் இரும்பு அலமாரியில் உள்ளன. மேல்தட்டில் இருப்பவை கறையான் அரித்துவிடுமுன் படியெடுக்கப்பட வேண்டியவை. ஷவ்வால் பிறை பத்துக்குப் பின் தினமும் இஷாவுக்குப் பிறகு அவற்றை எடுத்துப் பார்க்க நிர்வாகிகளிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். எழுத்தில் தேர்ந்த இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் உடன் அமர்ந்தால் உதவியாக இருக்கும். பெயர்களைக் குறித்துக்கொள்ளக் கூடாது என்னும் நிபந்தனை இங்கும் உண்டு.